பித்தப்பைக் கல்லும் உணவுத் தேர்வும்

பித்தப்பைக் கல் என்பது கல்லீரலுக்கு அடியில் உள்ள பித்தப்பையில், பித்தநீரின் சில பொருட்கள் படிந்து இறுகுவதால் உண்டாகும் கட்டி ஆகும். இது மணல் துகள் அளவிலும் இருக்கலாம், எலுமிச்சம்பழ அளவுக்கு வளரவும் செய்யலாம். ஒரே கல்லாகவோ, நூற்றுக்கணக்கான சிறு கற்களாகவோ காணப்படும். கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் ஏற்படுவதில்லை. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போதுதான் பலருக்குக் கல் இருப்பதே தெரிய வருகிறது.

தொல்லை தரும்போது, அது பெரும்பாலும் உணவுக்குப் பின் வரும் வலியாக வெளிப்படுகிறது. இதனால் கல் இருப்பது தெரிந்தவுடன் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதல் கேள்வி, எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதே. உணவால் பித்தப்பைக் கல்லைக் கரைக்க இயலாது. ஆனால் ஒரு வேளையில் சேரும் கொழுப்பின் அளவையும் உண்ணும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தினால் வலி வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். இக்கட்டுரை அதற்கான அடிப்படைகளைக் கடலூர் மாவட்டத்தின் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வட்டாரத்தில் வழங்கும் உணவுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பித்தப்பையின் வேலை

கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 600 முதல் 1000 மி.லி. வரை பித்தநீரைச் சுரக்கிறது. உணவு இல்லாத நேரத்தில் அதன் ஒரு பகுதி பித்தப்பையில் சேர்ந்து, நீர் உறிஞ்சப்பட்டு அடர்த்தியாகிறது. பேரிக்காய் வடிவில் உள்ள இந்தப் பை 30 முதல் 50 மி.லி. வரை கொள்ளும்.

கொழுப்பு கலந்த உணவு இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் முதற் பகுதியை அடைந்ததும், அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற இயக்குநீர் இரத்தத்தில் கலக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. பித்தநீர் குழாய் வழியாகக் குடலுக்கு வந்து, கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்துச் செரிமானத்துக்கு உதவுகிறது.

பையில் கல் இருந்தால், சுருங்கும் நேரத்தில் அது பையின் வாயில் வந்து அடைத்துக்கொள்ளலாம். அடைப்பை எதிர்த்துப் பை மேலும் இறுகுவதால் வலி உண்டாகிறது. கொழுப்பு மிகுந்த பெரிய விருந்துக்குச் சில மணி நேரம் கழித்தோ, இரவில் படுத்த பிறகோ வலி வருவதற்கு இதுவே காரணம். கல் மீண்டும் பைக்குள் விழுந்துவிட்டால் வலி தானாக அடங்கிவிடும். அதனால் பலர் இதை வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா, ஓமநீர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றோடு மாதக்கணக்கில் காலம் கடத்திவிடுகின்றனர்.

கல்லின் வகைகளும் தென்னிந்திய நிலையும்

பித்தப்பைக் கற்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம்.

கொலஸ்டிரால் கல்: பித்தநீரில் கொலஸ்டிரால் அளவுக்கு மிஞ்சி, அதைக் கரைத்து வைத்திருக்கும் பித்த உப்புகளும் லெசித்தினும் போதாதபோது உண்டாவது. உடல் பருமன், நீரிழிவு, கருத்தரிப்பு, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள், மிக வேகமான எடைக் குறைப்பு ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐரோப்பா, அமெரிக்கா, வட இந்தியா ஆகிய பகுதிகளில் இவ்வகையே மிகுதி.

நிறமிக் கல்: சிவப்பணுக்கள் சிதையும்போது வெளிப்படும் பிலிருபின் என்ற நிறமி, கால்சியத்தோடு சேர்ந்து படிவதால் உண்டாவது. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். சிவப்பணுக்கள் விரைந்து சிதையும் பரம்பரை இரத்த நோய்கள், கல்லீரல் இறுக்கி நோய், பித்தக் குழாயில் ஏற்படும் தொற்று ஆகியவற்றோடு இது தொடர்புடையது.

இந்தியாவில் வட்டார வேறுபாடு குறிப்பிடத்தக்கது. இரயில்வே ஊழியர்களிடையே எஸ். எல். மல்ஹோத்ரா நடத்தி 1968-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன என்பதை மருத்துவமனை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த வேறுபாடு நோயாளிக்கு நேரடிப் பொருள் உடையது. கல்லைக் கரைக்க வழங்கப்படும் அர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரை, கால்சியம் படியாத சிறிய கொலஸ்டிரால் கற்களிலேயே ஓரளவு பயன் தரும். அதற்கும் பல மாதங்கள் ஆகும், நிறுத்திய பின் கல் திரும்பவும் வரலாம். நிறமிக் கல்லில் அதனால் பயன் இல்லை. அவ்வாறே, இரத்தத்தில் கொலஸ்டிரால் சரியான அளவில் இருப்பவருக்கும் பித்தப்பைக் கல் வரலாம். எனவே எண்ணெயே தொடாதவருக்கு எப்படிக் கல் வந்தது என்று வியப்பதற்கோ, அவர் உணவைக் குறை கூறுவதற்கோ இடமில்லை.

உணவு செய்வதும் செய்யாததும்

வலி தராத கல் உள்ளவர்களுக்கென்று தனிப் பத்தியம் எதுவும் இல்லை. அவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 4 விழுக்காட்டினருக்கே புதிதாகத் தொல்லை தொடங்குகிறது. எல்லோருக்கும் பொருந்தும் சரிவிகித உணவே அவர்களுக்கும் போதும்.

வலி வந்தவர்களைப் பொறுத்தவரை, பிரித்தானியாவின் நைஸ் எனப்படும் தேசிய நல வழிகாட்டு நிறுவனம் 2014-இல் வெளியிட்ட பரிந்துரை எளிமையானது. பித்தப்பையையோ கற்களையோ அகற்றும் வரை, தமக்கு வலியைத் தூண்டும் உணவையும் பானத்தையும் நோயாளி தவிர்க்க வேண்டும். பித்தப்பையை அகற்றிய பின் அவற்றைத் தொடர்ந்து தவிர்க்கத் தேவையில்லை. அனைவருக்கும் பொதுவான நீண்ட தடைப் பட்டியல் எதையும் அது தரவில்லை. ஒருவருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, மற்றொருவருக்குப் பொரித்த உணவு மட்டும் ஒத்துக்கொள்ளாது. வலி வந்த நாளில் முந்தைய வேளைகளில் உண்டது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் சில வாரங்களில் அவரவர்க்குரிய தூண்டுணவு தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய மூன்று அடிப்படைகள் உள்ளன.

1. ஒரு வேளையில் சேரும் கொழுப்பின் மொத்த அளவு. ஒரே உணவைச் சிறிதளவு உண்ணும்போது வராத வலி, நிறைய உண்ணும்போது வரலாம்.

2. வேளை தவறாமல் உண்பது. நெடுநேரம் வயிறு காலியாக இருந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கி அடர்த்தியாகிறது. வலிக்குப் பயந்து காலை உணவை விடுவதும், பிறகு மதியம் வயிறு நிறைய உண்பதும் தவறான வழி.

3. கொழுப்பை அடியோடு நிறுத்தாமை. கொழுப்பே இல்லாத உணவில் பித்தப்பை சரியாகச் சுருங்குவதில்லை, தேக்கம் கூடுகிறது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்பதற்கும் சிறிது கொழுப்பு தேவை.

பழக்கமான உணவுகளில் உள்ள கொழுப்பு

ஒரு வேளையில் எவ்வளவு கொழுப்பு சேர்கிறது என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். கீழ்க்காணும் அளவுகள் தோராயமானவை.

- இட்லி இரண்டு: 1 கிராமுக்கும் குறைவு
- பலாச்சுளை 100 கிராம்: 1 கிராமுக்கும் குறைவு
- சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி (5 மி.லி.): 4.5 கிராம்
- கோழி முட்டை ஒன்று: 5 கிராம் (ஏறத்தாழ முழுவதும் மஞ்சள் கருவில்)
- 3 விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்திய பால் 200 மி.லி.: 6 கிராம்
- 6 விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால் 200 மி.லி.: 12 கிராம்
- முழு முந்திரிப்பருப்பு 10: 7 கிராம்
- துருவிய தேங்காய் 30 கிராம்: 10 முதல் 12 கிராம்
- வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்): 14 கிராம்
- நெய் ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.): 13 முதல் 14 கிராம்

இதன்படி, இரண்டு இட்லியோடு சாம்பார் சேர்த்து உண்பவரின் தட்டில் கொழுப்பு மிகக் குறைவு. அதே இட்லியை நெய்யும் பொடியும் சேர்த்துப் புரட்டி, கெட்டித் தேங்காய்ச் சட்னியுடன் உண்டால் 25 கிராமைத் தாண்டிவிடும். வேறுபாட்டை உண்டாக்கியது இட்லி அல்ல, அதனோடு சேர்ந்தவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் எண்ணெய், நெய் ஆகியவற்றின் அளவு மொத்தம் சுமார் 27 கிராம் மட்டுமே. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். மேற்கண்ட அளவில் அது நான்கு லிட்டருக்குள் அடங்க வேண்டும்.

முந்திரி வட்டாரமும் பித்தப்பையும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. பண்ருட்டி முதல் விருத்தாசலம் வரை பரந்துள்ள செம்மண் நிலப்பகுதி முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. நிலக்கடலையும் இப்பகுதியின் முக்கியப் பயிர். முந்திரி உடைப்பதும் தோல் உரிப்பதும் பல குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின், தொழிலாக உள்ளது. கடற்கரை அருகில் இருப்பதால் மீனும் எளிதில் கிடைக்கிறது. ஆகவே இங்கு ஒருவருக்குக் கல் இருப்பது தெரிந்தால் எழும் முதல் ஐயம், இனி முந்திரியைத் தொடலாமா என்பதே.

இதற்கான விடையில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது, அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட முடிவு. வாரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் ஒவ்வொரு கைப்பிடி கொட்டைப்பருப்போ நிலக்கடலையோ உண்டவர்களுக்குப் பித்தப்பையை அகற்றும் நிலை, அரிதாக உண்டவர்களைவிடச் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. நிறைவுறாக் கொழுப்பும் நார்ச்சத்தும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. ஆகவே முந்திரியும் நிலக்கடலையும் கல்லை உண்டாக்கும் என்பது சரியன்று.

இரண்டாவது, அந்த ஆய்வு கல் வராமல் தடுப்பதைப் பற்றியது. கல் ஏற்கெனவே இருந்து வலியும் வந்துகொண்டிருப்பவரின் நிலை வேறு. அவர் ஒரே நேரத்தில் ஐம்பது கிராம் முந்திரி உண்டால் சுமார் 22 கிராம் கொழுப்பு உள்ளே செல்கிறது, பித்தப்பை வலுவாகச் சுருங்குகிறது. முந்திரி பக்கோடா, நெய்யில் வறுத்த முந்திரி, முந்திரி அரைத்த குருமா ஆகியவற்றில் எண்ணெயும் நெய்யும் அதனோடு கூடுகின்றன. ஆகவே வலி உள்ள காலத்தில் ஐந்தாறு பருப்போடு நிறுத்திக்கொள்வதும், அதையும் வறுக்காமல் உண்பதும் தக்கது. அதற்கே வலி வருமானால் சிகிச்சை முடியும் வரை விட்டுவிட வேண்டும்.

நிலக்கடலையை வறுத்து உண்பதைவிட, பச்சைக் கடலையை வேகவைத்துச் சிறிதளவு உண்பது எளிது. வேகும்போது நீர் ஏறுவதால் ஒரு பிடியில் அடங்கும் கொழுப்பு குறைகிறது.

பலாப்பழத்தில் கொழுப்பு மிகக் குறைவு. பித்தப்பைக் கல்லுக்காக அதைத் தவிர்க்கத் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர்கள் அதன் சர்க்கரையைக் கருதி அளவாக உண்ண வேண்டும். பலாக்கொட்டை சிலருக்கு வயிற்று உப்புசம் தரும். இது குடலில் உண்டாகும் வாயு, பித்தப்பை வலி அன்று. வாயு வெளியேறினால் குடல் உப்புசம் தணியும். பித்தப்பை வலி அவ்வாறு தணிவதில்லை.

மீனைப் புளிக்குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்ணலாம். எண்ணெயில் மூழ்கப் பொரித்த வறுவலும், தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் வலி உள்ள காலத்துக்கு ஏற்றவை அல்ல. கோழியைத் தோல் நீக்கிச் சமைப்பதால் கொழுப்பு வெகுவாகக் குறைகிறது. ஆட்டிறைச்சியில் வெளியே தெரியும் கொழுப்பை நீக்க வேண்டும். குடல், மூளை, கொழுப்புத் துண்டு ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்ற உணவுகள்

கொழுப்பு அளவாகவும் நார்ச்சத்து மிகுதியாகவும் உள்ள உணவுகள் தமிழகச் சமையலில் நிறையவே உள்ளன. அவற்றுக்காகப் புதிய பொருள் எதையும் தேடி வாங்க வேண்டியதில்லை.

தானியங்கள்: இட்லி, இடியாப்பம், புட்டு, எண்ணெய் குறைத்த தோசை, கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், கைக்குத்தல் அரிசி, வரகு, சாமை.

பருப்பும் பயறும்: சாம்பார், பாசிப்பருப்புக் கூட்டு, தாளிப்பு குறைத்த சுண்டல், முளைகட்டிய பயறு.

காய்களும் கீரைகளும்: சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, புடலை, அவரை, கொத்தவரங்காய், வெண்டை, முருங்கைக் கீரை, அரைக்கீரை.

பழங்கள்: கொய்யா, வாழை, பப்பாளி, சாத்துக்குடி, நெல்லிக்காய்.

பால் பொருட்கள்: கொழுப்பு குறைந்த பால், கடைந்து வெண்ணெய் எடுத்த மோர்.

குறைத்துக்கொள்ள வேண்டியவை: பூரி, வடை, பஜ்ஜி, போண்டா, பரோட்டாவும் சால்னாவும், பிரியாணி, நெய்ச்சோறு, வனஸ்பதி சேர்ந்த அடுமனைப் பண்டங்கள், பாலாடை, வெண்ணெய், ஐஸ்கிரீம், இனிப்பு வகைகள். சர்க்கரையும் மைதாவும் மிகுந்த உணவு கொலஸ்டிரால் கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுவதாகக் கருதப்படுவதால், இனிப்புப் பானங்களும் இப்பட்டியலில் சேரும்.

சமைக்கும் முறையும் முக்கியம். தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவது, தேங்காய்ச் சட்னிக்கு மாற்றாகப் புதினா, மல்லி, தக்காளிச் சட்னிகளைச் செய்வது, பொரியலை முதலில் வேகவைத்துப் பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பது ஆகியவற்றால் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே சமையலை உண்ணலாம். நோயாளிக்கென்று தனியாகச் சமைக்கும் பத்தியம் நெடுநாள் நீடிப்பதில்லை.

முறைப் பணியாளர்களின் உணவு நேரம்

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் இரவு பகலாக முறைப் பணி நடைபெறுகிறது. இரவுப் பணிக்குச் செல்வோர் மாலையில் ஒருமுறை உண்டு, நள்ளிரவில் தேநீரும் வடையும் மட்டும் எடுத்து, காலையில் வீடு திரும்பி வயிறு நிறைய உண்டு உடனே படுப்பது உண்டு. நெடுநேர இடைவெளி, அதன் பின் ஒரே பெரிய உணவு என்னும் இந்த அமைப்பு கல் உள்ளவர்களுக்கு உகந்ததன்று.

இத்தகையோர் இரவு உணவைப் பணிக்குச் செல்லும் முன் மிதமாக உண்டு, நள்ளிரவுக்குப் பின் ஒரு சிறிய உணவை எடுத்துச் செல்லலாம். இட்லி, எலுமிச்சைச் சாதம், சுண்டல், வாழைப்பழம், மோர் ஆகியவை டப்பாவில் கெடாமல் இருக்கும். காலையில் திரும்பியதும் இரண்டு மூன்று இட்லியோ ஒரு கிண்ணம் கூழோ போதும். உண்ட பின் ஒரு மணி நேரமாவது கழித்துப் படுப்பது நன்று.

மகப்பேறும் எடைக் குறைப்பும்

கருவுற்ற காலத்தில் இயக்குநீர் மாற்றங்களால் பித்தநீரில் கொலஸ்டிரால் கூடுகிறது, பித்தப்பையின் சுருக்கமும் மந்தமாகிறது. இதனால் உண்டாகும் கசடும் சிறு கற்களும் பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தாமாகவே மறைந்துவிடுகின்றன. ஆயினும் முதல் வலி பிரசவத்தைத் தொடர்ந்த மாதங்களில் வருவது அரிதன்று. நெய்யும் நல்லெண்ணெயும் மிகுந்த பிரசவ லேகியமும் பத்திய உணவும் தரப்படும் காலமும் அதுவே. பிள்ளை பெற்றவளுக்கு வரும் மேல்வயிற்று வலியை உடல் சூடு என்றோ, வாயு என்றோ விட்டுவிடாமல் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். கல் இருப்பது தெரிந்தால் லேகியத்தின் நெய்யைக் குறைத்து, புரதத்தைப் பருப்பு, மீன், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றிலிருந்து தரலாம். பாலூட்டும் தாய் உணவின் மொத்த அளவைக் குறைக்கக் கூடாது.

உடல் பருமன் கல்லுக்குக் காரணமாக இருப்பது போலவே, எடையை மிக விரைந்து குறைப்பதும் காரணமாகிறது. பட்டினி கிடக்கும்போது உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து கொலஸ்டிரால் பித்தநீரில் மிகுதியாகக் கலக்கிறது. பித்தப்பை சுருங்காததால் அது அங்கேயே தேங்குகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைவோருக்கு இந்த ஆபத்து மிகுதி. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதும், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வதும் பாதுகாப்பான வழி. பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு, கல் வராமல் தடுக்க மருத்துவர் சில மாதங்களுக்கு மாத்திரை தருவதுண்டு.

காப்பி, மது, மசாலா

1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்தோறும் இரண்டு மூன்று கோப்பை காப்பி அருந்திய ஆண்களுக்குக் கல்நோய் வாய்ப்பு 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆயினும் காப்பி பித்தப்பையைச் சுருங்கச் செய்வதால், கல் உள்ள சிலருக்கு அதுவே வலியைத் தூண்டலாம். வலி வராதவர் காப்பியை நிறுத்தத் தேவையில்லை.

மது கணைய அழற்சிக்கு ஒரு தனிக் காரணம். கல்லும் கணைய அழற்சிக்கு மற்றொரு முக்கியக் காரணம். இரண்டும் சேராமல் இருப்பதே நலம்.

மிளகாயும் மசாலாவும் கல்லை உண்டாக்குவதில்லை. இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கு அவற்றால் எரிச்சல் வரலாம். சமையலில் இடும் மஞ்சளால் தீங்கு இல்லை. ஆனால் மஞ்சளின் குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது. ஆகவே செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

தவறான நம்பிக்கைகள்

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும்: இது சிறுநீரகக் கல்லோடு ஏற்பட்ட குழப்பம். சிறுநீரகக் கல் சிறுநீர்ப் பாதையில் உண்டாவது, பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனது. பித்தப்பைக் கல் உண்டாகும் இடமும் பொருளும் வேறு. வாழைத்தண்டு நார்ச்சத்து மிகுந்த நல்ல உணவு. பித்தப்பைக் கல்லுக்கு மருந்து அன்று.

தக்காளி, பாலக்கீரை கூடாது: இதுவும் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் ஆலோசனை. பித்தப்பைக் கல்லுக்கு இத்தடை பொருந்தாது. இரண்டு கல்லுக்கும் சேர்த்துத் தடை விதித்துக்கொண்டு காய்கறிகளைக் கைவிடுவோர், தேவையான நார்ச்சத்தை இழக்கின்றனர்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வெளியேறும்: அவ்வாறு வெளிவந்த பச்சை நிற உருண்டைகளை ஆராய்ந்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான குறிப்பில், அவை கற்கள் அல்ல, குடித்த எண்ணெய் குடலில் சோப்பு போல இறுகியவை என்று கண்டறியப்பட்டது. ஒரே நேரத்தில் இவ்வளவு எண்ணெய் குடிப்பதால் பித்தப்பை கடுமையாகச் சுருங்கிச் சிறு கல்லைக் குழாய்க்குள் தள்ளும் ஆபத்தும் உண்டு.

பித்தம் கூடியதால் கல் வந்தது: சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் பித்தம், வாதம் கபம் ஆகியவற்றோடு இணைந்த ஒரு கோட்பாடு. அது கல்லீரல் சுரக்கும் பித்தநீரை மட்டும் குறிப்பதன்று. தலைசுற்றலுக்குப் பித்தம் என்று சொல்வதையும் பித்தப்பைக் கல்லையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது.

காமாலைக்குக் கீழாநெல்லி போதும்: மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடிய நம்பிக்கை இதுவே. கல் பித்தக் குழாயை அடைப்பதாலும் கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும், உடலில் அரிப்பு எடுக்கும். இந்த அடைப்பை எந்த மூலிகையும் எந்தப் பத்தியமும் நீக்காது. உள்நோக்கிக் கருவி வழியாகவோ அறுவைச் சிகிச்சையாலோ கல்லை எடுக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் குழாயில் சீழ்பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

உணவுக் கட்டுப்பாடு சிகிச்சைக்கு மாற்று ஆகாது. கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

- வலது மேல்வயிற்றிலோ நடு மேல்வயிற்றிலோ ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி
- வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம்
- கண் மஞ்சளாதல், மலம் வெளுத்தல்
- முதுகுக்குப் பரவும் கடும் வலியும் தொடர் வாந்தியும்
- மேல்வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடக்கை வலி (மாரடைப்பும் இவ்வாறு தோன்றலாம்)

நெய்வேலி வட்டாரத்தில் உள்ளவர்களுக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தொலைவில் உள்ளன. கல்லைக் கண்டறிய வயிற்று ஸ்கேன் போதுமானது. அதற்கு முன் சுமார் ஆறு மணி நேரம் உண்ணாமல் இருந்தால் பித்தப்பை நிறைந்து தெளிவாகத் தெரியும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் உணவு

தொல்லை தரும் கல்லுக்கு நிலையான தீர்வு பித்தப்பையை அகற்றுவதாகும். இதனை முதன்முதலில் 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் செய்தார். 1985-இல் செருமனியின் எரிக் மியூஹே சிறு துளைகள் வழியே அகற்றும் லேப்ராஸ்கோப்பி முறையில் இதனைச் செய்து காட்டினார். இன்று பெரும்பாலும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைத்தால் மீண்டும் கல் உண்டாகும் வாய்ப்பு இருப்பதால் பையே அகற்றப்படுகிறது.

பித்தப்பை இல்லாமல் செரிமானம் நடக்காது என்ற அச்சம் தேவையற்றது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். சேமிக்கும் இடம் இல்லாததால் அது தொடர்ந்து சிறிது சிறிதாகக் குடலில் இறங்குகிறது. இதனால் முதல் சில வாரங்களில் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சிலருக்கு வயிற்றுப்போக்கோ உப்புசமோ வரலாம். முதல் நாட்களில் கஞ்சி, இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர் ஆகியவற்றில் தொடங்கி, ஒரு வேளைக்குக் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு முறை உண்ணலாம். நார்ச்சத்து மிகுந்த காய்களையும் பயறுகளையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுகின்றனர். வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் அதற்கு மருந்து உண்டு.

முன்பு வலி தந்த முந்திரியையும் முட்டையையும் மீன் வறுவலையும் அதன் பின் அளவோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுதும் பத்தியம் இருக்க வேண்டியதில்லை.